ஆறாவது கனவு

எல்லோரும் அறிந்த கதைகளே மிகக் குறைவாக வாசிக்கப்படுகின்றன. இயேசுவின் பிறப்புக் கதை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். கிறிஸ்தவராயினும் அல்லாதவராயினும், நத்தார் காலத்திலே பாடசாலை மேடையொன்றின் முன் ஒருமுறையேனும் அமர்ந்திருந்த எவருக்கும் அக்கதை மனப்பாடம். கல்நெஞ்சம் படைத்த சத்திரக்காரன் கதவைச் சாத்துவான். மாட்டுத் தொழுவத்திலே பாலன் பிறப்பான். பசுவும் கழுதையும் இருமருங்கும் நிற்கும். மேய்ப்பர் ஒருபுறமிருந்தும், கடதாசி முடி தரித்த மூன்று அரசர் மறுபுறமிருந்தும் வருவர். மேலே கம்பியில் விண்மீன் ஒன்று தொங்கும்.

இக்காட்சியை மனத்திற்கொண்டு நற்செய்தி நூல்களைத் திறப்பவருக்கு முதலில் ஏற்படுவது ஏமாற்றமே. சத்திரக்காரனைக் காணோம். இடமில்லை என்று லூக்கா கூறுகின்றாரேயன்றி, இல்லை என்று சொன்னவர் யாரென்று கூறினாரல்லர். சத்திரமே ஐயத்துக்குரியது. அவர் இங்கு ஆளும் கிரேக்கச் சொல்லையே பின்னர் இறுதி இராவுணவு நடைபெற்ற விருந்தினர் அறைக்கும் ஆளுகின்றார். நல்ல சமாரியன் கதையில் வரும் உண்மையான சத்திரத்துக்கோ வேறொரு சொல்லைப் பயன்படுத்துகின்றார். ஆகவே, நூற்றாண்டுக் கணக்காகப் பழிசுமந்த அந்தச் சத்திரக்காரன் பிறக்கவேயில்லை எனலாம். பசுவும் கழுதையும் ஏசாயாவின் நூலிலிருந்து பிற்காலத்தார் ஓட்டிவந்து கட்டியவை. 1223ஆம் ஆண்டு அசிசி நகர்ப் பிரான்சிஸ் கிரெச்சியோ என்னும் ஊரில் உயிருள்ள விலங்குகளோடு தொழுவக் காட்சி அமைத்த பின்னர் அவற்றை அவிழ்த்துவிட எவருக்கும் துணிவு வரவில்லை. கீழ்த்திசை அறிஞரை மத்தேயு அரசர் என்று கூறவில்லை. மூவர் என்றும் கூறவில்லை. காணிக்கை மூன்றாகையால் கொணர்ந்தோரும் மூவராயினர். பின்னர் அவர்களுக்கு முடியும், கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்று பெயரும் வந்துசேர்ந்தன. 1164இல் மிலானிலிருந்து அவர்களுடையனவென்று கொண்டுசெல்லப்பட்ட எலும்புகள் இன்றும் கொலோன் பேராலயத்திலே பொற்பேழையில் வைத்துப் போற்றப்படுகின்றன. எத்தனை பேரென்றே நூலாசிரியர் சொல்லாதவர்களின் எலும்புகள் எண்ணிக்கை பிசகாமற் கிடைத்தமை அற்புதங்களுள் ஒன்றே.

இவையெல்லாம் மேடையமைப்பாளரின் கைவண்ணம்; இவற்றுக்கு நூலாசிரியரைக் குறைகூறல் நீதியன்று. நூலாசிரியர்களிடமே வருவோம். புதிய ஏற்பாட்டிலே இயேசுவின் பிறப்பை விவரிப்போர் இருவர் மாத்திரமே. பவுல் அவர் ஒரு பெண்ணிடம் பிறந்தார் என்பதற்கு மேல் ஒன்றுங் கூறவில்லை. நற்செய்திகளுள் முந்தியதென ஆய்வாளர் கருதும் மாற்குவின் நூல் வளர்ந்த மனிதரோடு தொடங்குகின்றது. அதுமட்டுமன்று, இயேசு மதிமயங்கினார் என்றெண்ணி அவருடைய உற்றார் அவரைப் பிடித்துச்செல்ல வந்ததாகவும், சிறிது நேரத்தில் தாயும் சகோதரரும் வெளியே நின்று ஆளனுப்பியதாகவும் மாற்கு எழுதுகின்றார். வானதூதரே வந்து அறிவித்த குடும்பத்தில் இத்துணைக் கலக்கம் எதற்கு என்ற வினா எழுவது இயல்பே.

விவரிக்கும் இருவரும் ஒரே நிகழ்ச்சியைக் கூறுவதாகத் தோன்றவில்லை. மத்தேயுவின் யோசேப்பு பெத்லகேமிலே வீடுவைத்து வாழ்பவர் போலக் காணப்படுகின்றார். அறிஞர் வந்து நுழைவது தொழுவத்துள் அன்று, வீட்டினுள். அங்கிருந்து குடும்பம் எகிப்துக்குத் தப்பியோடுகின்றது. ஏரோது மாண்ட பின் திரும்பும்போது, யூதேயாவில் அவன் மகன் அர்கெலாயு ஆள்வதைக் கேட்டு அஞ்சியே புதிதாக நாசரேத்துக்குச் சென்று குடியேறுகின்றது. லூக்காவின் யோசேப்போ தொடக்கத்திலிருந்தே நாசரேத்து வாசி. குடிமதிப்பின் பொருட்டுப் பெத்லகேமுக்கு வருகின்றார், குழந்தை பிறக்கின்றது, சுத்திகரிப்பு நாட்கள் நிறைவேறியதும் எருசலேம் ஆலயத்துக்குச் செல்கின்றார், சடங்குகளை முடித்து ஊர் திரும்புகின்றார். எகிப்தும் இல்லை, அச்சமும் இல்லை. ஏரோதின் தலைநகரிலே, ஆலய முற்றத்திலே, முதியவர் சிமியோனும் அன்னாளும் இக்குழந்தையைப் பற்றி ஊரறியப் பேசுகின்றனர். மத்தேயுவின் ஏரோது நாடெங்கும் தேடித் தவித்த குழந்தை லூக்காவின் நூலில் அவன் அரண்மனைக்குக் கூப்பிடு தூரத்தில் அமைதியாகக் கையிலேந்தப்படுகின்றது.

இன்னொன்றும் உண்டு. ஆலயத்திலே இவர்கள் செலுத்தியது ஒரு சோடிப் புறா. ஆட்டுக்குட்டி வாங்க இயலாத ஏழைத் தாய்மாருக்கு லேவியராகமம் வழங்கும் சலுகை அது. அறிஞர் கொடுத்த பொன் என்னாயிற்று? இரு கதைகளையும் ஒட்டவைக்க முனைவோர், அறிஞர் ஆலயச் சடங்குக்குப் பின்னரே வந்தனர் என்பர். அவ்வாறாயின் லூக்கா நாசரேத்துக்கு அனுப்பிவிட்ட குடும்பத்தை மறுபடியும் பெத்லகேமுக்கு அழைத்துவர வேண்டும். கதையில் ஏற்கெனவே நடந்து களைத்தவர்களை விளக்கவுரையாளர் மேலும் நடக்கவைப்பது இரக்கமற்ற செயலாகும்.

இருவரும் உடன்படும் முக்கிய செய்தி, நாசரேத்தூரார் என்று உலகறிந்த ஒருவர் பெத்லகேமிலே பிறந்தார் என்பது. தாவீதின் ஊராகிய பெத்லகேமிலிருந்தே ஆளுநர் தோன்றுவார் என மீகா கூறியிருந்தார். யோவான் நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்திலே, மெசியா கலிலேயாவிலிருந்தா வருவார், பெத்லகேமிலிருந்தன்றோ வரவேண்டும் என்று மக்கள் வாதிடுகின்றனர். அவர் பிறந்தது பெத்லகேமிலேதான் என்று ஒருவார்த்தை சொல்லிவிட்டால் வாதம் முடிந்துவிடும். யோவான் அதைச் சொல்லவில்லை. அங்கிருந்த எவரும் சொல்லவில்லை. மத்தேயுவும் லூக்காவும் விடை சொல்ல முற்பட்டனர். ஆனால் தனித்தனியே சொன்னமையால், ஒருவர் பெத்லகேமிலிருந்து நாசரேத்துக்கும் மற்றவர் நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கும் பாதை வெட்ட நேர்ந்தது.

லூக்கா வெட்டிய பாதை குடிமதிப்பு. ஏரோது கி.மு. 4இல் இறந்தான் என்பது வரலாற்றாசிரியர் பெரும்பாலோர் முடிபு. சிரேனியு என்பவன் சீரியாவின் ஆளுநனாக வந்து யூதேயாவில் குடிமதிப்பெடுத்தது அர்கெலாயு பதவி பறிக்கப்பட்ட கி.பி. 6இல் என்று யூத வரலாற்றாசிரியரான யொசீபஸ் தெளிவாக எழுதுகின்றார். ஏரோதின் நாட்களில் தொடங்கிய பேறு சிரேனியுவின் குடிமதிப்பில் முடிவதாயின் மரியாள் ஏறத்தாழப் பத்தாண்டுகள் கருவுற்றிருந்திருத்தல் வேண்டும். மேலும், அக்காலத்து நாசரேத்து ஏரோதின் மற்றொரு மகனாகிய அந்திப்பாவின் ஆட்சிக்குட்பட்டது. யூதேயாவின் வரிப்பதிவுக்கு அவ்வூரார் வரவேண்டிய நியாயமில்லை. வந்தாலும், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மூதாதையின் ஊருக்குச் சென்று பதிவதென்ற விதி வரி வசூலிப்போருக்கு எவ்வகையிலும் உதவாது. இராசராச சோழன் காலத்தில் உம் முன்னோர் எவ்வூரில் இருந்தனரோ அவ்வூர்க் கச்சேரியில் நாளை வந்து பதிக என்று அரசாங்கம் அறிவித்தால் நம் நிலை என்னவாகும் என்று எண்ணிப்பார்க்கலாம். உரோமர் பல கொடுமைகளைச் செய்தவர்களே. எனினும் நிருவாகத்திலே அவர்கள் இத்துணை நகைச்சுவையுணர்வு உடையவர்களாயிருந்ததற்குச் சான்றில்லை.

ஆண்டுக் கணக்கின் குழப்பத்துக்கு நற்செய்தியாளர் பொறுப்பாளரல்லர். ஆறாம் நூற்றாண்டிலே தியோனீசியு என்னும் துறவி கி.பி. 525இல் வகுத்த கணக்கே பிசகியது. அதன் பயனாக, ஏரோதின் காலத்திலே பிறந்த கிறிஸ்து கிறிஸ்துவுக்கு முன் நாலாம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ பிறந்தவராகின்றார். டிசம்பர் 25 என்ற நாளுக்கும் நூற்சான்று கிடையாது. நான்காம் நூற்றாண்டு உரோம நாட்குறிப்பொன்றிலேயே அது முதலில் தெளிவாகக் காணப்படுகின்றது. ஆர்மேனியத் திருச்சபை இன்றும் சனவரி 6ஐயே கொண்டாடுகின்றது.

வமிசாவளிகள் இரண்டும் தனிச்சுவை உடையன. மத்தேயு ஆபிரகாமிலிருந்து மும்முறை பதினான்கு தலைமுறை என்கின்றார். அவ்வெண் பொருந்துவதற்காக மூன்று அரசர்கள் ஓசையின்றி நீக்கப்பட்டுள்ளனர். அப்படியும் மூன்றாம் தொகுதியை எண்ணுவோர் பெரும்பாலும் பதின்மூன்றோடு நின்றுவிடுகின்றனர். யோசேப்பின் தந்தை மத்தேயுவில் யாக்கோபு, லூக்காவில் ஏலி. தாவீதின் பின் ஒருவர் சாலொமோன் வழியாகவும் மற்றவர் நாத்தான் வழியாகவும் இறங்குகின்றனர். இத்தனை பெயர்களையும் ஏறி இறங்கிக் கடைசியில் யோசேப்பை அடைந்ததும், அவர் குழந்தையின் தந்தையல்லர் என்று இருவருமே அறிவித்துவிடுகின்றனர். யோசேப்பின் நிலை உண்மையிலேயே இரக்கத்துக்குரியது. நான்கு நற்செய்திகளிலும் அவர் வாய்திறந்து ஒரு சொல்லேனும் பேசியதாகப் பதிவில்லை. அந்த மௌனத்துக்கு ஈடுசெய்தது தமிழே. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் அவரை வளன் என்னும் காப்பியத் தலைவனாக்கித் தேம்பாவணியிலே 3615 பாடல்களை அவர் கதைக்கு ஈந்தார்.

கன்னிப்பேற்றை ஏசாயா முன்னறிவித்தார் என்பது குறித்து விரிவாக எழுதத் தேவையில்லை. எபிரேய மூலத்தில் உள்ளது இளம்பெண் என்னும் பொருட்சொல். கிரேக்க மொழிபெயர்ப்பே அதைக் கன்னியாக்கியது. ஏசாயா பேசியதும் கி.மு. எட்டாம் நூற்றாண்டிலே தன் பகைவரைக் கண்டு நடுங்கிய ஆகாஸ் மன்னனுக்கு, அவன் காலத்து நெருக்கடி பற்றி.

இவையொன்றும் புதிய கண்டுபிடிப்புகளல்ல. 1835இல் ஜெர்மனியரான தாவீது ஸ்திராவுஸ் இயேசுவின் வாழ்க்கை பற்றிய தம் நூலில் இவற்றுட் பலவற்றை அடுக்கிக் காட்டினார். விளைவாகத் தம் பதவியை இழந்தார். 1839இல் சூரிச்சிலே பேராசிரியராக நியமனம் பெற்றபோது எழுந்த கிளர்ச்சியினால், பணியேற்குமுன்னரே ஓய்வூதியம் கொடுத்து விலக்கப்பட்டார். அவரை நியமித்த அரசாங்கமும் அவ்வாண்டே கவிழ்ந்தது. ஒரு விரிவுரையும் நிகழ்த்தாது ஓய்வூதியம் பெற்ற அப்பேறு நம் விரிவுரையாளர் சிலருக்குப் பொறாமை விளைத்தல் கூடும். 1977இல் கத்தோலிக்கக் குருவாகிய ரேமண்ட் பிரவுன் மெசியாவின் பிறப்பு பற்றிப் பெருநூல் எழுதி, இவ்விரு கதைகளும் பல செய்திகளில் ஒன்றுக்கொன்று முரணானவை என்று காட்டியபோது எந்த அரசும் கவிழவில்லை. அவர் குருவாகவே வாழ்ந்து 1998இல் மறைந்தார்.

இதுவரை நாம் சிரித்தவை எவருக்கும் தீங்கு செய்யாதவை. புறாவா பொன்னா, யாக்கோபா ஏலியா என்பன நூலாராய்ச்சிக்குரியனவேயன்றி அறவாராய்ச்சிக்குரியனவல்ல. கிறிஸ்தவ நண்பர் ஒருவர், இவை அன்பின் மிகுதியாற் புனையப்பட்டவை, தாய் தன் மகனின் சிறுபிராயத்தை மிகைப்படுத்திக் கூறுவதில்லையா என்று கேட்டால், நாம் உடன்பட்டு அவர் தரும் நத்தார்க் கேக்கை மகிழ்வோடு உண்ணலாம். ஆனால் கதையில் ஓரிடம் உண்டு. அவ்விடத்தை அடையும்போது சிரிப்பு நின்றுவிடுகின்றது. மேடைநாடகங்கள் பெரும்பாலும் அதற்கு முன்னரே திரையை விட்டுவிடுகின்றன.

விண்மீனிலிருந்து தொடங்குவோம். அதனை வானியலோடு பொருத்தக் கெப்ளர் முதலானோர் முயன்றுள்ளனர். கி.மு. 7இல் வியாழனும் சனியும் நெருங்கித் தோன்றியதைக் கெப்ளர் கணித்தறிந்தார். ஆயினும் மத்தேயு கூறும் விண்மீன் அறிஞருக்கு முன்னே சென்று, குழந்தை இருந்த இடத்துக்கு மேலே வந்து நிற்பது. எருசலேமிலிருந்து பெத்லகேம் ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர் தெற்கே உள்ளது. ஒரு சிற்றூரின் கூரைகளுள் இன்ன கூரை என்று சுட்டவல்ல விண்மீன் வானியலுக்கு அப்பாற்பட்டது; அதை ஒப்புக்கொள்வோம். அற்புதமெனில் அற்புதமே ஆகட்டும். அவ்வளவு நுட்பம் வாய்ந்த வழிகாட்டி, அறிஞரை நேரே பெத்லகேமுக்கு அழைத்துச் செல்லாமல், எருசலேமுக்குச் சென்று, யூதரின் அரசனாகப் பிறந்தவர் எங்கே என்று ஏரோதின் காதில் விழும்படி விசாரிக்க விட்டது ஏன்? அவ்விசாரணை நிகழாதிருந்தால் ஏரோதுக்குச் செய்தி எட்டியிராது. எட்டியிராவிடின் பெத்லகேமிலும் சுற்றுப்புறத்திலும் இரண்டு வயதுக்குட்பட்ட ஆண்குழந்தைகள் அனைத்தும் கொல்லப்பட்டிரா.

மத்தேயுவின் பிறப்புக் கதையிலே ஐந்து கனவுகள் வருகின்றன. யோசேப்புக்கு நான்கு: மரியாளை ஏற்றுக்கொள், எகிப்துக்கு ஓடு, திரும்பி வா, கலிலேயாவுக்குச் செல். அறிஞருக்கு ஒன்று: ஏரோதிடம் திரும்பாதே. நூலின் இறுதியிலே பிலாத்துவின் மனைவி கண்ட கனவொன்றும் உண்டு. அதனால் எவரும் காப்பாற்றப்படவில்லை. பிறப்புக் கதையிலே ஆறாவதாக ஒரு கனவு தேவைப்பட்டது. அண்டை வீட்டுத் தந்தைக்கு, அதற்கடுத்த வீட்டுத் தாய்க்கு, எழுந்து ஓடு என்று ஒரு சொல். அக்கனவை எவரும் கண்டதாக மத்தேயு எழுதவில்லை.

1956இல் வெளிவந்த வீழ்ச்சி என்னும் நாவலிலே அல்பேர் காம்யு இக்குழந்தைகளை நினைவுகூர்கின்றார். தன்பொருட்டுக் குழந்தைகள் மாண்டதை அறிந்த இயேசு வாழ்நாள் முழுவதும் அத்துயரைச் சுமந்திருப்பார் என அவருடைய கதைமாந்தன் கருதுகின்றான். ஆழமான எண்ணமே, ஆயினும் எமது வினா அதுவன்று. இரண்டு வயதுக்குட்பட்ட எவர்மீதும் குற்றஞ்சுமத்த நாம் விரும்பவில்லை. யோசேப்பின் மீதும் அன்று. அயலாரின் கதவைத் தட்டிவிட்டேனும் போயிருக்கலாமே என்று தோன்றலாம். ஆனால் தூதன் அவருக்குச் சொன்னது ஏரோது இக்குழந்தையைத் தேடுவான் என்பது மட்டுமே. மற்றக் குழந்தைகளைப் பற்றிய செய்தி அவருக்குத் தரப்படவில்லை. வினா, செய்தியைத் தெரிந்தெடுத்துத் தந்தவரைப் பற்றியது.

இதற்குக் கூறப்படும் விடைகள் சில உள. ஏரோது தன் சுதந்திர விருப்பத்தால் கொன்றான், மனிதனின் சுதந்திரத்தைக் கடவுள் பறிப்பதில்லை என்பது முதலாவது. வேறிடங்களில் இவ்விடைக்கு வலிமை உண்டு, இங்கே இல்லை. யோசேப்பை எழுப்பியபோது ஏரோதின் சுதந்திரத்துக்கு யாதொரு குறையும் நேரவில்லையே! ஊரையே எழுப்பியிருந்தாலும் அவன் விரும்பியபடி ஆணையிட்டிருப்பான்; போர்வீரர் விரும்பியபடி வாளுருவிச் சென்றிருப்பர்; வெறும் தொட்டில்களைக் கண்டு திரும்பியிருப்பர். எல்லோருடைய விருப்பமும் சுதந்திரமாகவே இருந்திருக்கும், குழந்தைகளும் இருந்திருக்கும்.

இயேசு பின்னர் அனைவருக்காகவும் உயிர்கொடுக்கவிருந்தமையால் அப்போது காக்கப்பட்டார் என்பது மற்றொரு விடை. அவரைக் காத்ததற்கு இது காரணமாகலாம். பிறரைக் காவாததற்கு எவ்வாறு காரணமாகும்? ஒருவரை எழுப்பினால் மற்றவரை எழுப்ப இயலாதென்ற நெருக்கடி எதுவும் கதையில் இல்லை. இன்னுஞ் சிலர் அச்சிற்றூரிலே அவ்வயதுக் குழந்தைகள் இருபதுக்கு மேல் இருந்திரா என்று கணக்கிட்டு ஆறுதல் கூறுவர். கிழக்குத் திருச்சபை வழிபாட்டு மரபு பதினாலாயிரம் என்று கூறியதைக் குறைத்தது வரலாற்றுக்கு நல்லதே. அறத்துக்கு அதனால் என்ன பயன்? தொகை சிறிதாகுந்தோறும் எழுப்புவது எளிதாகின்றதேயன்றி வேறில்லை.

திருச்சபை அவர்களை டிசம்பர் 28இலே மறைசாட்சிகளாக நினைவுகூர்கின்றது. இது பரிவினால் தோன்றிய மரபு. அதனை எள்ளுதல் தகாது. எனினும் சாட்சி என்பவர் ஒன்றை அறிந்து, அதை மறுக்க வாய்ப்பிருந்தும் மறுக்காதவர். பேச்சே வராதவரைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுவது, அவர்களிடம் கேட்காமலே அவர்கள் சாவுக்கு அவர்களின் ஒப்புதலைப் பெற்றுக்கொள்வதாகும். விரைந்து விண்ணுலகம் சேர்ந்தனர், அது பேறன்றோ எனின், அப்பேறு யோசேப்பின் வீட்டுக்கு மட்டும் ஏன் மறுக்கப்பட்டதென்று கேட்க நேரும்.

இவ்விடத்திலே சைவ நண்பர்கள் புன்னகை செய்ய வேண்டியதில்லை. கண்ணன் பிறப்பிலும் கம்சனின் கையில் தேவகியின் ஆறு குழந்தைகள் மாண்டபின்னரே காவற்கதவுகள் தாமாகத் திறக்கின்றன. யசோதையின் பெண்குழந்தை மாற்றிவைக்கப்படுகின்றது. அது கம்சன் கையினின்றும் நழுவித் தேவியாகி வானில் எழுந்ததென்று கதைசொல்லி அவசரமாகப் பரிகாரம் தேடுகின்றார். முன்னர் மாண்ட அறுவருக்கு முற்பிறவிச் சாபமொன்றைக் காரணங்காட்டுகின்றார். மோசேயின் கதையிலும் நைல் நதியில் மிதந்த பேழை ஒன்றே. எறியப்பட்ட குழந்தைகள் எண்ணற்றவை. மத்தேயு தம் கதையை எழுதும்போது மோசேயின் கதையை முன்வைத்தே எழுதினார் என்பது பல ஆய்வாளர் கருத்து. அது சரியாகவே தோன்றுகின்றது. ஏரோதின் கொடுமைகளை விரிவாக எழுதிய யொசீபஸ், அவன் தன் மனைவியையும் புதல்வர் மூவரையும் கொன்றதைக் கூறுகின்றார்; பெத்லகேமைக் கூறவில்லை. லூக்காவும் கூறவில்லை. இப்படுகொலை நிகழவேயில்லை என்றே வரலாற்றாய்வாளர் பலர் எண்ணுகின்றனர்.

இங்கே ஒரு விந்தையைக் காண்கின்றோம். அக்கொலை நிகழவில்லை என்று கூறும் ஐயுறவாளன், கடவுளின் மீதான பெருங்குற்றச்சாட்டொன்றைத் தள்ளுபடி செய்துவிடுகின்றான். நூலில் உள்ளது எழுத்துக்கு எழுத்து உண்மை என்று வாதாடும் பக்தரோ, தம் கட்சிக்காரருக்கு எதிரான முதன்மைச் சான்றைத் தாமே நீதிமன்றில் கொண்டுவந்து வைக்கின்றார்.

ஆனால் ஐயுறவாளனும் இத்தோடு எழுந்து போய்விட முடியாது. நிகழாத கொலையாயினும், அக்கதையின் அமைப்பு நம்மிடையே நாள்தோறும் நிகழ்கின்றது. நத்தாருக்கு மறுநாள், 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை, ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்தது. இந்நாட்டிலே ஏறத்தாழ 35,000 பேர் இறந்தனர். குழந்தைகள் அவர்களுட் பெருந்தொகையினர். எஞ்சியோர் கோயில்களிலும் தேவாலயங்களிலும் கடவுள் எங்களைக் காத்தார் என்று நன்றி செலுத்தினர். பிள்ளையைக் கையிற் பற்றியபடி பனைமரத்திலேறித் தப்பிய தந்தை அவ்வாறு சொல்லும்போது, தருக்கம் பேசி அவரைத் திருத்த முற்படுபவன் மூடன். அச்சொல் அவருடைய நடுக்கத்தின் குரல். அது எதையும் விளக்க வரவில்லை. ஆனால் அதே சொல் ஆண்டுகள் கழிந்து, மேடையிலே, ஏன் தப்பினோம் என்பதற்கு விடையாக வருமாயின் நிலை வேறு. எங்களைக் காத்தார் என்பது விளக்கமானால், அடுத்த வீட்டாரைக் காக்கவில்லை என்பதும் அவ்விளக்கத்தின் பகுதியே. பிள்ளையை இழந்த தாய் அதே கூட்டத்தின் பின்வரிசையில் அமர்ந்திருக்கக்கூடும். அவளுக்கு அக்கூற்றின் பிற்பாதியை எவரும் உரத்துச் சொல்வதில்லை; அவள் அதைத் தானே நிரப்பிக்கொள்வாள்.

நன்றியுணர்வு இல்லாத வாழ்வு வறண்டது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் நன்றி என்பது பெற்றவனுக்கும் தந்தவருக்கும் இடையே மட்டும் நிகழும் தனிப்பட்ட கொடுக்கல்வாங்கலன்று. இரு வீடுகளுக்கு நடுவே நிற்கும் ஒரு மதில் இடிந்து ஒரு பக்கம் சாய்கையில், மறுபக்கத்தான் நன்றி கூறுவதானால், மெல்லிய குரலிலே கூறவேண்டும்.

மத்தேயு இதனை உணர்ந்திருந்தார் என்று நம்ப ஓர் ஏதுவுண்டு. அது இலக்கணம் சார்ந்தது. தமிழ் மாணவருக்கு உவப்பானது. தம் கதையின் ஒவ்வொரு கட்டத்திலும், தீர்க்கதரிசி சொன்னது நிறைவேறும்படி இது நிகழ்ந்தது என்று அவர் எழுதிச்செல்கின்றார். கன்னிப்பேறு, எகிப்திலிருந்து மீளல், நாசரேத்துக் குடியேற்றம் ஆகிய யாவும் நிறைவேறும்படி நிகழ்ந்தவை. குழந்தைகளின் கொலைக்கு வரும்போது மட்டும் வாக்கியம் மாறுகின்றது. எரேமியா சொன்னது அப்பொழுது நிறைவேறியது என்கின்றார். நிறைவேறும்படி என்று எழுத அவர் கை ஒப்பவில்லை. யூதாசுக்குக் கொடுக்கப்பட்ட முப்பது வெள்ளிக்காசு பற்றிக் கூறுமிடத்தும் அவ்வாறே எழுதுகின்றார். கொலையையும் காட்டிக்கொடுத்தலையும் கடவுளின் நோக்கமென்று சொல்லாமல், கிரேக்க இலக்கணத்தின் ஓர் இடைச்சொல்லைக் கொண்டு அவர் தப்பிக்கொள்கின்றார்.

அங்கே அவர் நினைவுகூரும் எரேமியாவின் பகுதி, தன் பிள்ளைகளுக்காக அழும் ராகேலைப் பற்றியது. எரேமியாவின் நூலில் அதற்கு அடுத்த வரிகளிலேயே, அழாதே, உன் பிள்ளைகள் திரும்பி வருவர் என்று ஆண்டவர் அவளைத் தேற்றுகின்றார். மத்தேயு அவ்வரிகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ராகேல் ஆறுதலடைய மறுத்தாள் என்பதோடு நிறுத்திவிட்டு, எகிப்திலிருக்கும் யோசேப்பின் அடுத்த கனவுக்குச் செல்கின்றார்.